கிருஷ்ணம்மா திருப்பி எடுத்த படங்கு

கிருஷ்ணம்மாவைப் பற்றி எழுதுமுன் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். சென்ற பெப்ரவரியில் எங்கள் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில், 'மாத்தளைப் பெண்களின் படங்குகள் ஐரோப்பா செல்கின்றன' என்று ஒரு செய்தி வந்தது. கீழே என் பெயர் இருந்தது: அலுவிகாரை நிருபர் எம். முஸம்மில். அதில் நான் எழுதியது தலைப்பு மட்டும்தான். மற்றதெல்லாம் கொழும்பிலிருந்து ஈமெயிலில் வந்த அறிக்கை. என் கடையில் போட்டோகொப்பிக்கு ஆட்கள் நின்றார்கள். வெட்டினேன், ஒட்டினேன், அனுப்பினேன்.

அந்த அறிக்கையில் ஒரு வரி இருந்தது. 'பெயர் அறியப்படாத நாற்பது தோட்டப் பெண்களின் மௌனத்தை இப்படைப்பு பேசுகிறது.' வாசிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. தேயிலைக் கொழுந்து எடுக்கும் மலைக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நின்ற எவனுக்கும் தெரியும், அங்கே மௌனம் என்று ஒன்று கிடையாது. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கூப்பிட்டு, ஊர்க்கதை முழுவதையும் பேசி முடித்துவிட்டுத்தான் கொழுந்து நிறுக்கும் தராசுக்கு வருவார்கள். இது எனக்கும் தெரியும். தெரிந்தும் போட்டேன்.

செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணம்மா கடைக்கு வந்தார். வயது ஐம்பத்து மூன்று. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் முப்பத்தைந்து வருடமாகக் கொழுந்து எடுப்பவர். கணவர் சுந்தரலிங்கம் அதே தோட்டத்து பெக்டரியில் வேலை. மகள் நிரோஜா மாத்தளை டவுனில் ஒரு பார்மசியில் வேலைக்கு நிற்கிறாள். பத்திரிகையை வாசித்துக் காட்டியவள் அவள்தான். அதை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார் தாய்.

"மொதலாளி, இந்த முஸம்மில்ங்கிறது நீங்கதானே?"

"ஆமா அக்கா."

"என் பேரு தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. யாருகிட்ட கேட்டீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருந்தது. இந்த மனுசியின் அடையாள அட்டையை நான் எத்தனையோ தடவை கொப்பி அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஈ.பி.எப். படிவத்துக்கு, சமுர்த்தி உதவிப் பணத்துக்கு, மகளின் பரீட்சைக்கு. வீரன் கிருஷ்ணம்மா என்று என் கையாலேயே படிவங்களில் எழுதியிருக்கிறேன். எழுதிய அதே கையால் பெயர் தெரியாது என்றும் எழுதிவிட்டேன்.

படங்கு என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை கட்டும் தடித்த துணி அது. தேயிலைக் கம்பு கிழிக்காமலும் பனி ஈரம் ஏறாமலும் காக்கும். வேலை முடிந்தால் எல்லாரும் கழற்றி ஒரே கொடியில் போடுவார்கள். எல்லாம் ஒரே துணி, ஒரே நிறம். அதனால் ஒவ்வொருத்தியும் தன்னுடையதில் நூலால் ஓர் அடையாளம் தைத்து வைப்பாள். கிருஷ்ணம்மாவோடு கொழுந்து எடுக்கும் கேங்கில் இன்னொரு கிருஷ்ணம்மாவும் இருந்தார். படங்கும் மாறும், கொழுந்துச் சாக்கும் மாறும், நிறுவை பதியும் இடத்தில் ஆளும் மாறும். ஒருநாள் நிறுவை பதியும் கணக்கப்பிள்ளை மற்றவரின் குறைந்த நிறுவையை இவர் தலையில் கட்டிவிட, இவர் அவரோடு சண்டை பிடித்துவிட்டு வந்து, அன்றைக்கே சிவப்பு நூலில் மூன்று குறுக்குத் தையல், கீழே சாய்வாக ஒரு கோடு என்று போட்டார். படங்கில் போட்டார், சாக்கில் போட்டார், கூடைக் கயிற்றுத் துணியில் போட்டார். அதற்குப் பிறகு கேங்கில் எவளைக் கேட்டாலும், மூணு கிராஸ் என்றால் வீரன் மகள் கிருஷ்ணம்மா.

இந்தப் படங்கைத் தேடித்தான் டிலக்சன் வந்தான். அறிக்கையில் சொன்ன அந்தப் படைப்பைச் செய்த கொழும்புக் கலைஞன், முப்பத்தைந்து வயது இருக்கும். "எங்க அப்பாவும் தோட்டத்துல பொறந்தவருதான்" என்று லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பாலில்லாத சாயத்தண்ணி குடித்தானாம். அப்பன் தோட்டத்தில் பிறந்தது இவனுக்கு ஒரு பாஸ்போர்ட். அதைக் காட்டினால் எந்த வீட்டுக்குள்ளும் போகலாம், எதையும் தூக்கிக்கொண்டு வரலாம். பழைய படங்கு கொடுத்தால் புதுப் படங்கு தருவதாகச் சொன்னான். எதற்கு என்று கேட்டதற்கு, "உங்களை ஒலகத்துக்குக் காட்டப் போறேன்" என்றான்.

உலகத்துக்குக் காட்டப் போகிறான் என்றதும் பெண்கள் என்ன செய்தார்கள்? துவைத்தார்கள். நாற்பது பேரும் சவர்க்காரம் போட்டு, கல்லில் அடித்து, காயவைத்தார்கள். அடுத்தவர் கையில் அழுக்குத் துணியைக் கொடுப்பது எங்கே வழக்கம்? கிருஷ்ணம்மா ஒருபடி மேலே போய், கிழிந்த மூலையை நிரோஜாவின் பழைய பள்ளிக்கூட வெள்ளைத் துணியால் ஒட்டுப்போட்டு, மங்கிப்போயிருந்த மூன்று கிராஸையும் புது நூலால் மேலே தைத்து, மடித்துக் கொடுத்தார். கண்காட்சியில் தூரத்திலிருந்து பார்த்தாலும் தன்னுடையது என்று தெரிய வேண்டும் அல்லவா?

கண்காட்சி சீகிரியாவுக்குப் பக்கத்தில், ஒரு ஹோட்டலின் பழைய நெல் களஞ்சியத்தில். ஐரோப்பாவுக்கு அனுப்புமுன் ஒரு மாதம் இங்கே வைத்திருந்தார்கள். கிருஷ்ணம்மா போய்ப் பார்க்க வேண்டும் என்றார். "ஒண்ணு எம் பேரைப் போடட்டும். இல்லாட்டி என் படங்கைத் தரட்டும். வேற ஒண்ணும் வேணாம்." நிரோஜாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன். குற்ற உணர்வுதான், வேறு என்ன. தம்புள்ளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து சீகிரியாவுக்கு இன்னொன்று. மடியில் ஒரு சொப்பிங் பேக்கை வைத்து வழி முழுவதும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

வாசலில் காவலாளி என் நிருபர் அட்டையைப் பார்த்து என்னை விட்டான். அவரைப் பார்த்து, எங்கே போறீங்க என்று சிங்களத்தில் கேட்டான். கிருஷ்ணம்மாவும் சிங்களத்திலேயே, "உள்ளே என் சாமான் ஒன்று இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவன் தடுக்கவில்லை.

உள்ளே இருட்டு. ஒவ்வொரு படங்குக்கும் மேலே ஒரு சின்ன லைட். நாற்பதும் கம்பியில் தொங்கின. கிருஷ்ணம்மா முதலாவதைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், என் பக்கம் திரும்பினார்.

"மொதலாளி, இதெல்லாம் தொவைச்சுக் குடுத்தது."

எல்லாவற்றிலும் சேறு. எல்லாவற்றிலும் சாயக் கறை. அங்கே விளக்கம் சொல்ல நின்ற பெண்பிள்ளை ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு, இந்தக் கறைகள் ஒரு நூற்றாண்டின் வியர்வை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பாவம், அவள் ஒளிக்கவில்லை. படங்குகள் மிகச் சுத்தமாக வந்ததால் ஸ்டூடியோவில் தேயிலைச் சாயத்தில் இரண்டு நாள் ஊறவைத்து, சேறும் பூசினார்கள் என்றாள்.  கல்லில் அடித்து வெளுத்துக் கொடுத்ததை, உங்களுக்கு அழுக்குத்தான் பொருத்தம் என்று திரும்பவும் அழுக்காக்கியிருக்கிறார்கள். அதற்கு நூற்றாண்டு என்று பெயர் வேறு.

கிருஷ்ணம்மாவின் படங்கு பதினேழாவது. அதன் பக்கத்துச் சுவரில் மும்மொழியிலும் ஓர் அட்டை: 'எழுத்தறியா விரல்களின் அர்த்தமற்ற கோடுகள். பெயரற்றவள், பதினேழு.' நான் அதைச் சத்தமாக வாசித்தேன். வாசித்து முடித்ததும் அவர் முதல் படங்குக்குத் திரும்பிப் போனார்.

"இது பரமேஸ்வரி. பச்சை நூல்ல ரெண்டு வட்டம், அவதான் போடுவா. இது விஜிதா, புதுசா வந்த புள்ள, மஞ்சப் புள்ளி. இது எங்க கேங்ல இருந்த மத்தக் கிருஷ்ணம்மா, போன வருசம் செத்துப் போச்சு. மக குடுத்திருக்கா."

ஒவ்வொன்றாக நடந்தார். ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து, பெயரைச் சொன்னார். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த பெண்பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டாள். தம்பதி போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சுவரில் எழுத்தறியாதவர்கள் என்று எழுதியவன் எவனோ, அவனுக்குத்தான் அங்கே எழுதியிருந்தது ஒன்றும் வாசிக்கத் தெரியவில்லை.

நாற்பதாவதுக்கு வரும்போது டிலக்சன் வந்துவிட்டான். கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்று சொல்லமாட்டேன், நிஜமாகவே கலங்கியிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"அம்மா, அற்புதம்மா. இதை நாங்க ரெக்கோர்ட் பண்ணுவோம். நீங்க பேரு சொல்ற சத்தம் உள்ள கேட்டுக்கிட்டே இருக்கணும். அங்க வாறவங்க எல்லாம் அழுதிடுவாங்க."

"அழ வேணாம் தம்பி. அந்த அட்டையில பேரை எழுதிருங்க. நான் சொல்றேன், மொதலாளி எழுதுவாரு."

அவன் தலையைச் சொறிந்தான். "அது கஷ்டம்மா. இந்த ஆர்ட் வேர்க்குக்குப் பேரே 'பெயரற்றவர்கள்'. கெட்டலொக் எல்லாம் அடிச்சு முடிஞ்சு. பேரு போட்டா அந்த கொன்செப்ட் ஒடைஞ்சிடும்."

"அப்ப எங்க பேரு இருந்தா ஒங்களுக்கு இடைஞ்சலா?"

"அப்படி இல்லம்மா. நீங்க ஒரு ஆள் இல்ல, நீங்க எல்லாருக்கும் அடையாளம்."

"எனக்கு அடையாளம் இருக்கு தம்பி. மூணு கிராஸ், ஒரு கோடு. தேவையில்லாமலா தைச்சோம்?"

 அவர் சொப்பிங் பேக்கைத் திறந்து, அவன் கொடுத்த புதுப் படங்கை எடுத்தார். துவைத்து மடித்திருந்தது. "ரெண்டு நாள்தான் கட்டினேன். வேர்வை காயாது, பிளாஸ்டிக். இந்தாங்க." அவன் கையில் வைத்தார். அவன் வாங்கியும் கொண்டான், என்ன செய்கிறோம் என்று தெரியாமல். அவர் பதினேழாம் கம்பியிலிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, தன் படங்கை எடுத்து உதறி, சேலைக்கு மேலேயே இடுப்பில் சுற்றிப் பின்பக்கம் முடிச்சுப் போட்டார். கறை பட்ட படங்கோடு வாசலைப் பார்த்து நடந்தார்.

அப்போதுதான் அந்தக் கேவலம் நடந்தது. தம்பதி கைதட்டினார்கள். அதற்குள் வந்து சேர்ந்திருந்த இன்னும் ஏழெட்டுப் பேரும் தட்டினார்கள். இதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் தன் உடைமையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதைக்கூட இந்த ஆட்கள் வேடிக்கையாகத்தான் பார்ப்பார்கள். கிருஷ்ணம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறியதும், "ஏன் கை தட்டினாங்க?" என்று கேட்டார். எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. தெரியாது அக்கா என்றேன்.

பத்து நாளில் அடுத்த ஈமெயில் வந்தது. பதினேழாம் கம்பி வெறுமையாகவே ஐரோப்பா போகிறதாம். 'பெயர் அறியப்படாத ஒரு தொழிலாளி நிகழ்த்திய துணிச்சலான தலையீட்டினால் படைப்பு மேலும் ஆழம் பெற்றுள்ளது.' கூடவே ஒரு படம், கிருஷ்ணம்மா வாசலை நோக்கி நடக்கும்போது பின்னாலிருந்து எடுத்தது. பெயரைப் போடச் சொல்லி அவர் அவன் முகத்துக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறார். அட்டையில் நான் எழுதுவேன் என்றும் சொல்லியிருக்கிறார். இவ்வளவுக்குப் பிறகும் பெயர் அறியப்படாதவராம்.

இந்தத் தடவை நான் வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். ஆசிரியர் பீடத்திலிருந்து, இடம் போதாது, படத்தை மட்டும் போடுகிறோம் என்றார்கள். படம் வந்தது. கீழே 'தோட்டத் தொழிலாளி ஒருவர்' என்று இருந்தது. யாரைத் திட்டுவது? பெப்ரவரியில் வழியைக் காட்டிக் கொடுத்தவன் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணம்மா வந்தபோது பயந்து பயந்துதான் பத்திரிகையை நீட்டினேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். படங்கை மூன்று தரம் துவைத்தும் சாயக் கறை முழுதாகப் போகவில்லை, அதைத்தான் இப்போதும் வேலைக்குக் கட்டுகிறேன் என்றார். பிறகு படத்தில் விரலை வைத்தார்.

"பின்னால இருந்து எடுத்தது நல்லதாப் போச்சு மொதலாளி. கிராஸ் மூணும் வடிவாத் தெரியுது. எங்க கேங்ல காட்டுங்க, யாருன்னு சொல்லுவாங்க."

அன்றைக்கு அவரை உட்காரவைத்து, நாற்பது பெயரையும் கேட்டு எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவளவள் அடையாளத்தை அவரே வண்ணப் பேனாவால் போட்டார். பெரிய தாளில் கொப்பி அடித்து, கடைக் கண்ணாடியில், ரோட்டைப் பார்க்க ஒட்டியிருக்கிறேன். பதினேழாவது வீரன் கிருஷ்ணம்மா. செய்தி அறிக்கை கொடுக்க வருகிறவர்கள் அதை வாசித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.