பெரியாயி வளர்த்த கடுகு

நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபத்தாறு வருஷம் கொழுந்து பறித்தவள் பெரியாயி. 2003இல் முழங்கால் வலியால் மலையேற முடியாமல் போனதும், தோட்டத்துரை அவளுக்கு வேறு வேலை கொடுத்தார். பழைய மருந்துக் கொட்டகைக்குப் பின்னால் கடுகு வளர்க்க வேண்டும்.

தேயிலையின் கொப்புள நோய்க்கு அடிக்கும் செம்பு மருந்தைப் பல காலம் அங்கேதான் கலக்கினார்கள். பீப்பாய்களையும் அங்கேதான் கழுவினார்கள். புல்கூட ஒழுங்காக முளைக்காத மண். அதைச் சுத்தமாக்க வந்தவர், பதுளையில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து மண் ஆய்வாளர் சுலோஜனா. விதைகளை ஒரு கறுப்புத் தூளில் புரட்டிக் கொடுத்தார்.

“இதுக்குள்ளை நல்ல கிருமியள் இருக்கு, அக்கா. மண்ணிலை கிடக்கிற செம்பை இளக்கி வேருக்குக் குடுக்கும். செடி அதை இழுத்து இலையிலை வைச்சிருக்கும். ஒருத்தரும் சாப்பிடக் கூடாது.”

“கிருமின்னா சீக்குத்தானேங்க மிஸ் வரும்?”

“எல்லாக் கிருமியும் அப்பிடி இல்லை.”

ஒப்பிட்டுப் பார்க்கத் தூள் சேர்க்காமல் விட்ட பாத்திகளில் கடுகு மஞ்சளித்துக் குன்றியது. தூள் சேர்த்தவற்றில் தளதளவென்று நின்றது. வாடியதில் விஷம் குறைவு, செழித்ததில்தான் அதிகம் என்றார் சுலோஜனா. தண்ணீர் ஊற்றித் தான் வளர்ப்பது செடியையா விஷத்தையா என்று பெரியாயிக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த விஜயலெட்சுமியின் அடுப்பில் அந்தக் கடுகுக் கீரை வெந்துகொண்டிருந்தது. பெரியாயி சட்டியைத் தூக்கிப் போய்ச் சாக்கடைக் கானில் கவிழ்த்தாள்.

“ஒனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?”

“அது கொட்டகைக் கீரைடி. வெசம்.”

“வெசத்துல எப்புடி இம்புட்டுச் செழிப்பா வளரும்?”

“கிருமி வளக்குது.” சொன்னது அவளுக்கே பைத்தியக்காரப் பேச்சாகத்தான் கேட்டது. விஜயலெட்சுமி மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்று போகம் வளர்த்து, வேரோடு பிடுங்கி, சாக்கில் கட்டி, பத்திரமாக அழிக்க லொறியில் பதுளைக்கு அனுப்பினார்கள்.

“செம்பு கொஞ்சம் இறங்கியிருக்கு. முழுக்கச் சுத்தமாகக் கன வருஷம் செல்லும்” என்றார் சுலோஜனா. அடுத்த வருஷம் அவருக்கு இடமாற்றம் வந்தது. நாலாம் போகத்துச் சாக்குகளை ஏற்ற லொறி வரவே இல்லை.

பெரியாயி கணக்கப்பிள்ளை இராசையாவிடம் போனாள்.

“எங்கயாச்சும் குழி வெட்டிப் பொதைச்சிரு” என்றார் அவர்.

“பொதைச்சா திரும்ப மண்ணுக்குத்தானேங்க போகும்?”

“அப்ப எரிச்சிரு.”

“சாம்பல எங்கங்க கொட்டுறது?”

அவர் பேரேட்டை விரித்து எழுதத் தொடங்கினார். பெரியாயி பதினொரு சாக்குகளையும் ஒவ்வொன்றாக இழுத்துக் கொட்டகைக்குள் அடுக்கினாள். செய்வது சரியா தப்பா என்று புரியாமலே கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டாள்.