இடப்பக்கம் போகாத கப்பல்

ஜான் தன் இடது கையை வலது கையால் தூக்கி, தட்டில் மீனைக் கிடத்துவதுபோல ஜாய்ஸ்டிக்கின் மேல் வைக்கிறார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதைப் பிடிக்கச் செய்கிறார். பிறகு அந்தக் கையிடமே பேசுகிறார்.

"இன்னா மாப்ள, வந்து குந்திக்கினியா? இன்னிக்காவது வேலை செய்வியா, இல்ல துன்னுட்டுத் தூங்கிடுவியா?"

மாப்பிள்ளை என்பது அந்த இடது கையின் பெயர். பக்கவாதம் வந்த பிறகு அவரே வைத்தது. மூன்று வேளையும் கூடவே இருக்கிறான், ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடுவதில்லை, வேறு என்ன பெயர் வைப்பது என்று கேட்கிறார்.

மந்தைவெளியில் ஒரு மாடியில் இருக்கிற சின்ன பிசியோதெரபி நிலையம் அது. சுவரில் கயிறும் கப்பியும், தரையில் பாய்கள், ஒரு கூடை நிறைய ரப்பர் பந்துகள். மூலையில் ஆளுயர வீடியோ கேம் பெட்டி ஒன்று நிற்கிறது. பாண்டி பஜார் பக்கம் ஒரு கேம் கடை மூடியபோது ஸ்ரீஹரி வாங்கி வந்தது. ஸ்ரீஹரிதான் இங்கே பிசியோதெரபிஸ்ட். பந்தைப் பிசையச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் அலுத்துப்போகிறவர்கள், விளையாட்டென்றால் அரை மணி நேரம் கையை அசைக்கிறார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. என் அத்தையின் முழங்காலுக்காகக் காத்திருக்கும் நாட்களில் நானும் அதைப் பார்த்திருக்கிறேன்.

விளையாட்டு எளிதானது. திரையின் மேலிருந்து கற்கள் விழும். கீழே இருக்கும் சிறிய விண்கலத்தை இடமும் வலமும் நகர்த்தித் தப்பிக்க வேண்டும். ஜானுக்கு அது விண்கலம் இல்லை, கப்பல். "ராக்கெட்டு மேலதான் போவும். சைடுல போறது கப்பலு."

நொச்சிக்குப்பத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. சட்டைப் பொத்தான்களை மாப்பிள்ளைதான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதால் எப்போதும் ஒரு பொத்தான் தப்பான துளையில் ஏறி இருக்கும். தெருவில் போகிற வண்டிகளைச் சத்தத்திலேயே அறிவார். ஜன்னலுக்குக் கீழே ஓர் ஆட்டோ இருமிக்கொண்டு போனால், "பிளக்கு அடைச்சிகினுகீது, மெரினா தாண்டமாட்டான்" என்பார். அவர் சொன்னது பலித்ததா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. முதல் வாரம் ஸ்ரீஹரிக்கு நெத்திலி கொண்டுவந்தார். அவர் சைவம் என்று தெரிந்ததும், "ஐயோ பாவம், சின்ன வயசுலியேவா?" என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு வாழைப்பழம் வாங்கி வருகிறார்.

படகில் அவருடைய இடம் பின்பக்கம், இன்ஜின் கைப்பிடி. அலை வந்து இடிக்கும்போது கைப்பிடியை உடம்போடு சேர்த்து வெளிப்பக்கம் தள்ள வேண்டும். தள்ளும் கை தளர்ந்தால் படகு அலைக்கு விலா காட்டும். ஜானின் கை உள்ளே மடங்குகிறது, வெளியே போகத்தான் மறுக்கிறது. இப்போது அந்த இடத்தில் மண்ணாங்கட்டி என்பவர் போய்க்கொண்டிருக்கிறார். படகில் பாதிப் பங்கு ஜானின் மனைவி டயானாவின் தம்பிக்கு. மண்ணாங்கட்டியையே நிரந்தரமாகப் போட்டுவிடலாம் என்று அந்தத் தம்பி சொல்லத் தொடங்கியிருக்கிறார்.

டயானா லூப் ரோடு மார்க்கெட்டில் மீன் விற்கிறார். ஒருநாள் ஜானை அழைத்துப்போக வந்தபோது கடல் பேச்சு வந்தது. "இந்தப் பொட்டியில கப்பல் உட முடியல, நீ கடல்ல உடப் போறியா?" என்றார். "படகுல உன்னியும் சேத்து நாலு உசுருய்யா. மொத ரவுண்டு என் கண்ணு முன்னாடி முடிச்சிக் காட்டு. நானே என் தம்பிகிட்ட பேசுறேன்." கோபத்தில் சொன்னது, ஆனால் இருவருமே அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகும் ஜானின் கப்பல் வலப்பக்கம் மட்டும் சொன்னபடி போயிற்று. இடப்பக்கம் அசையவில்லை. அந்தப் பக்கம் ஓடித் தப்ப வேண்டிய நேரமெல்லாம் கல் விழுந்து செத்தார்.

"மிஷினு கோளாறு தம்பி. மாப்ள தள்றான், இது கேக்கமாட்டேங்குது."

"அண்ணா, கை இன்னும் வெளிய போகல. போகும். அவசரப்படாதீங்க" என்று ஸ்ரீஹரி சொல்வார்.

அவர் குரலில் இருந்த கனிவு ஜானைக் கொன்றது. அதைவிட மோசம், தோள்வலிக்கு வருகிற அய்யாதுரை அண்ணாச்சி. தி.நகரில் ஜவுளிக்கடை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், வாய்க்கு மட்டும் எந்த வலியும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஜானை விலகச் சொல்லிவிட்டுத் தானே ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். கப்பல் இடமும் வலமுமாகப் பறந்தது.

"பாத்தீராவே? எனக்குப் போவுதுல்லா? மிஷின் மேல ஏன் பழியப் போடுதீரு?"

ஜான் திரையைப் பார்க்கவில்லை. அய்யாதுரையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இன்னொரு தபா ஆடு."

"ஆடுதேன், எனக்கென்ன."

"வலப்பக்கம் போறப்போ உன் மணிக்கட்டு மட்டும் ஆடுது. இடப்பக்கம் போறப்போ முழங்கையே போவுது. கடை ஷட்டரத் தள்ற மாரி தள்ற."

அய்யாதுரை தன் முழங்கையை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர்போலப் பார்த்தார். ஜான் அவரை நகர்த்திவிட்டுத் தன் நல்ல கையால், வலது கையால், ஜாய்ஸ்டிக்கை இரண்டு விரலில் பிடித்தார். வலப்பக்கம் லேசாகத் தொட்டார். கப்பல் நகர்ந்தது. இடப்பக்கம் அதே அளவு தொட்டார். நகரவில்லை. இன்னும் கொஞ்சம். ம்ஹும். கடைசிவரை அழுத்தியபோதுதான் நகர்ந்தது.

"நைனா, இங்க வா. நீ தொட்டுப் பாரு. பூ மாரி தொடு."

ஸ்ரீஹரி வந்து தொட்டார். வலம் போயிற்று, இடம் போகவில்லை. மூன்றாவது முறையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாங்க எல்லாரும் முழுசாத் தள்ளிட்டுப் போயிருக்கோம். அதனால தெரியவே இல்ல" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சிது. சொன்னா கேட்டியா? கை போவும் அண்ணா, கை போவும் அண்ணான்னு ஜோசியம் சொல்லிக்கினு இருந்த."

ஸ்ரீஹரி பிளக்கைப் பிடுங்கிவிட்டு நான்கு திருகாணிகளைக் கழற்றினார். பலகையைத் தூக்கினால் அடியில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஜாய்ஸ்டிக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், நாக்குபோல நீண்டவை. கம்பி சாயும்போது ஒரு தகடு மற்றொன்றைத் தொட வேண்டும், தொட்டால் கப்பல் போகும். வலப்பக்கத் தகடுகளுக்கு நடுவில் ஒரு மயிரிழைதான் இடைவெளி. இடப்பக்கம் ஒரு தகடு விலகி வளைந்திருந்தது. எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் அந்தப் பக்கம் இடித்தார்களோ. தொடும் முனையில் கறுப்பாக அழுக்கு வேறு.

ஸ்ரீஹரி கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்கும்போதே ஜான் மேஜையிலிருந்த விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்துத் தகடுகளுக்கு இடையில் செருகி இழுத்தார். அட்டையில் கறுப்புக் கோடு விழுந்தது. இன்னும் சில முறை இழுத்தார். பிறகு, ஆர்வம் தாங்காமல், வளைந்த தகட்டை நகத்தால் உள்ளே அழுத்தினார்.

பலகையை மூடி பிளக்கைப் போட்டதும் கப்பல் யாரும் தொடாமலே இடப்பக்கம் ஓடித் திரையின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அங்கேயே கல் விழுந்து செத்தது.

"சோலி முடிஞ்சுது" என்றார் அய்யாதுரை. "இனி உமக்குக் கையே வேண்டாம்வே. அதுவா போயிருது."

"கலாய்க்காத அண்ணாச்சி. கொஞ்சம் ஓவரா வளைச்சிட்டேன்."

மறுபடி திறந்தார்கள். ஜான் இந்த முறை வலப்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, இரண்டு இடைவெளியும் ஒன்றாக ஆகும்வரை தகட்டை நீவினார். நாக்கை உதட்டோரம் வைத்துக் கடித்திருந்தார். மூடியதும் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். அந்தக் கை நடுங்கிக்கொண்டே ஒரு விரற்கடை வெளியே போயிற்று. கப்பலும் போயிற்று.

அறையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் ஏதோ சொன்னார்கள். ஜான் இடமும் வலமும், இடமும் வலமும் என்று கப்பலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

மார்க்கெட் முடிந்து டயானா வந்தார். புடவையில் செதில்கள் மின்னின. "இன்னாய்யா, எல்லாரும் பொட்டியச் சுத்திக்கினு நிக்கிறீங்க?"

"கோளாறு மிஷின்லதான்மே. இவங்களே ஒத்துக்கினாங்க, கேளு."

ஸ்ரீஹரி ஒப்புக்கொண்டார். அய்யாதுரையும், "ஆமம்மா, அவரு சொன்னதுதான் சரி" என்றார். டயானா கைப்பையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பெட்டியின் பக்கத்தில் நின்றார். ஜான் ஆடினார். கற்கள் விழ விழக் கப்பல் ஒதுங்கியது. ஒரு பெரிய கல் கப்பலை உரசிக்கொண்டு போனபோது டயானா "ஏசுவே" என்று அவர் தோளைப் பிடித்தார். முதல் ரவுண்டு முடிந்து பெட்டி ஓர் அபத்தமான இசையை வாசித்தது.

டயானா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிய்யா. சொன்னது சொன்னதுதான். இன்னிக்கே என் தம்பிகிட்ட பேசுறேன். மண்ணாங்கட்டிய வேற படகு பாத்துக்கச் சொல்றேன்."

ஜான் சிரித்தார். அன்று நான் பார்த்த பெரிய சிரிப்பு அது.

டயானாவுக்கு ஆசை வந்தது. "எங்க, நான் ஒரு தபா" என்று ஜாய்ஸ்டிக்கை விரல் நுனியால் தொட்டார். கப்பல் நழுவிக்கொண்டு போயிற்று.

"ஐய! இன்னாய்யா இது, பஞ்சு மாரி போவுது!"

அவர் குழந்தைபோலச் சிரித்துக்கொண்டு இடமும் வலமும் ஓட்டினார். ஜானின் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்று, பிறகு மெல்ல அடங்கியது. டயானாவின் விரல்களைப் பார்த்தார். தன் இடது கையைப் பார்த்தார்.

"இருமே. இன்னிக்குத் தம்பிகிட்ட ஒண்ணும் பேசாத."

"இன்னாத்துக்கு? அதான் முடிச்சிட்டியே?"

"கடல்ல பஞ்சு மாரி போவாதுமே" என்றார் ஜான். ஸ்ரீஹரியிடம் கை நீட்டி ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டார். பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, நான்கு திருகாணிகளையும் ஒற்றைக் கையாலேயே கழற்றினார். பலகையைத் தூக்கி டயானாவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். குனிந்து, இடப்பக்கத் தகட்டைக் கட்டைவிரல் நகத்தால் மெதுவாக வெளியே வளைத்தார், முன்பு இருந்த அளவுக்கு.