சொந்த எழுத்துக்குச் சான்றிதழ்

எங்கள் கல்லூரியில் பேராசிரியரும் நூலகரும் சேர்ந்து செய்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான். ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு பிறர் எழுத்தைத் திருடியதல்ல என்று சொல்லும் சான்றிதழில் வழிகாட்டிப் பேராசிரியர் இடப்பக்கமும் நூலகரான நான் வலப்பக்கமும் கையெழுத்துப் போடுவோம். மற்றபடி அவர்களுக்கு நான் செய்தித்தாள் கொடுத்தனுப்புகிற ஆள்.

சித்தேரியிலிருந்து ஒரு பெண் பொருளியலில் ஆய்வு செய்ய வந்தார். சாமை விதைக்கும் குடும்பங்களைப் பற்றிய ஆய்வு; தமிழிலேயே எழுதினார். மலைப் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே நூலகத்துக்குத்தான் வருவார். நான்கு வருடம் அவருக்குக் கட்டுரைகள் தேடிக் கொடுத்தேன்; அவர் எழுதியதையும் வாங்கிப் படிப்பேன். அவருடைய வழிகாட்டி நூலகப் படியை மிதித்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் அந்த வழிகாட்டி, தன் பெயர் மட்டும் போட்ட கட்டுரை ஒன்றை அனுப்பி, திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் சோதித்துத் தரச் சொன்னார். முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது, அந்தப் பெண்ணின் எழுத்து. நமக்கெதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டேன். போதாததற்கு, சோதித்த பிரதியை மென்பொருள் தன் கிடங்கில் சேமிக்க வேண்டாம் என்று குறிக்கவும் மறந்தேன். அந்த மென்பொருளுக்கு முதலில் வந்தவர்தான் சொந்தக்காரர்.

சில மாதம் கழித்து அந்தப் பெண்ணின் ஆய்வேடு சோதனைக்கு வந்தது. முக்கியமான இயல் முழுக்கச் சிவப்பு. வழிகாட்டியின் கட்டுரையிலிருந்து எடுத்தது என்றது அறிக்கை. அப்படியே அனுப்பினால் பட்டம் கிடைக்காது.

"நான் எழுதுனதுங்க சார் இது. உங்களுக்குத் தெரியுமில்லீங்க?" என்றார் அந்தப் பெண்.

வழிகாட்டியிடம் போனேன். டீ வரவழைத்தார். "சேந்து செஞ்ச ஆராய்ச்சிதானுங்க. வார்த்தைய மாத்தி எழுதச் சொல்லுங்க. நீங்களும் பக்கத்துல உக்காந்து கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்றார். கல்லூரி முதல்வருக்கு எழுதியிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

பத்து நாள் நானும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து அந்த இயலைக் கெடுத்தோம். 'மழை தள்ளிப்போனால் வீட்டில் முதலில் குறைவது பெண்ணின் சோறு' என்று எழுதியிருந்தார். அதைப் 'பருவமழைத் தாமதம் மகளிரின் உணவு நுகர்வைப் பாதிக்கிறது' என்று மாற்றினேன். நான்தான் மாற்றினேன். அவர் தட்டச்சு செய்தார். சிவப்பு மறைந்தது. சான்றிதழில் இடப்பக்கம் வழிகாட்டி, வலப்பக்கம் நான், கையெழுத்துப் போட்டோம்.

வாய்மொழித் தேர்வன்று நான் கடைசி வரிசையில் இருந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நல்ல மனிதர், எல்லாவற்றையும் படித்திருந்தார். "உழைச்சிருக்கீங்கம்மா, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன். ஆனா நடைதான் வறட்சியா இருக்கு. உங்க சாரோட கட்டுரை படிச்சேன். பெண்ணோட சோறுன்னு ஒரு வரி, மனசவிட்டுப் போகல. அந்த மாதிரி எழுத அவர்கிட்ட கத்துக்கங்க" என்றார்.

வழிகாட்டி அடக்கமாகத் தலையாட்டினார். அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். "சரிங்க சார்" என்று தேர்வாளரிடம் சொன்னார்.