சுருளிப்பட்டி பஸ் ஸ்டாப்பில் மாரீஸ்வரியின் பேனர்

மாரீஸ்வரி டப்ளினிலிருந்து போனில் சொன்னது இவ்வளவுதான்: "அப்பா, இண்டர்வியூல ரெண்டு ரவுண்டு தாண்டிட்டேன்." வேல்பாண்டிக்கு அது போதாதா? மறுநாளே சுருளிப்பட்டி பஸ் ஸ்டாப்பில் ஆள் உயரத்துக்குப் பேனர் கட்டிவிட்டார். 'அயர்லாந்தில் கம்ப்யூட்டர் இன்ஜினியராகப் பணியேற்ற எங்கள் குலவிளக்கே!' மூன்றாவது ரவுண்டில் அவளைக் கழித்துவிட்டார்கள். பேனர் மட்டும் அப்படியே நின்றது.

படிப்பை முடித்தவளுக்கு அங்கே தங்கி வேலை தேட இரண்டு வருட அனுமதி. அதில் எட்டு மாதம்தான் பாக்கி. பகலெல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் பெட்டி அடுக்கிவிட்டு, சாயங்காலம் விண்ணப்பம் போடுவாள். 'உங்கள் விசாவுக்கு நாங்கள் பொறுப்பேற்க வேண்டுமா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று போட்டால் போதும், டீ ஆறுவதற்குள் 'மன்னிக்கவும்' வந்துவிடும். இதுவரை நூற்று அறுபத்து மூன்று. பாவிகள், அதில் அவள் பெயரையாவது பிழையில்லாமல் எழுதியிருக்கலாம்.

அண்ணன் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தபோது, பேனரைப் பார்த்துவிட்டுப் பெரியகுளத்திலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. "பொண்ணு அங்கன வேலையில இருந்தா எங்க பையனும் கூடவே போயிரலாம்ல?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

வேல்பாண்டி வாய் திறப்பதற்குள் மாரீஸ்வரி சொல்லிவிட்டாள். "எனக்கு வேலை கெடைக்கலைங்க. பேனர்ல இருக்கறது பொய்."

வந்தவர்கள் காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள்.

"மானத்த வாங்கிட்டியே ஆத்தா!" என்று வெடித்தார் வேல்பாண்டி. "நீ போனது போதும். டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு இங்கனயே ஒரு வேலையப் பாரு."

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. "போன வருசம் நம்ம தோட்டத்துத் திராட்சைல நெறம் ஏறலைன்னு வியாபாரி விட்டுட்டுப் போனான்ல? பந்தலயா பிரிச்சீக? கொடிய வெட்டிக் கவாத்து பண்ணி அடுத்த காய்ப்புக்குத்தான பாத்தீக? எனக்கு இன்னும் எட்டு மாசம் இருக்குப்பா. நான் போவேன்."

வேல்பாண்டி கவாத்துக் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

புறப்படும் நாளன்று பெட்டியை அவர்தான் தூக்கி வந்தார். அந்தப் பேனருக்குக் கீழேதான் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியிருந்தது. டீக்கடை மலைச்சாமி சும்மா இருப்பாரா? எல்லாம் தெரிந்துகொண்டே, ஊருக்கே கேட்கும்படி, "என்ன வேல்பாண்டி, மக டூட்டிக்குக் கெளம்பிட்டாகளா?" என்றார்.

மாரீஸ்வரி வாயெடுத்தாள். அப்பா கையமர்த்தினார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த கவாத்துக் கத்தரியை எடுத்துப் பேனர் கயிற்றை வெட்டினார். பிறகு மலைச்சாமியைவிடச் சத்தமாகச் சொன்னார்:

"வேலை கெடைக்கலப்பா. தேடத்தான் போறா."