செயலாளர் அடித்த வெள்ளை

எங்கள் மேட்டுத்தெரு குடியிருப்போர் நலச் சங்கத்துக்குச் செயலாளர் வீரமணி. தெருவுக்கு வெள்ளையடிப்பவரும் அவர்தான். இதில் என்ன சிக்கல் வந்துவிடும் என்று 2004 பொங்கல் வரை யாரும் யோசித்ததில்லை.

பெரம்பலூரிலிருந்து செட்டிகுளம் போகும் வழியில், கல்குவாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் தெரு. குவாரியில் நினைத்த நேரத்துக்கு வெடி வைப்பார்கள். பாத்திரம் உருளும், சுவர் விரிசல் விடும். நான் சவுதியில் தம்மாமிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வீரமணிக்குப் போன் செய்து, "அண்ணே, வூடு நிக்குதா?" என்பேன்.

"நிக்குது பாய். நீங்க போன வச்சீங்கன்னா நானும் செத்த உக்காருவேன்" என்பார்.

சங்கத்தின் மனுவில் தெருவிளக்கு, நாய்த் தொல்லை, லாரிப் புழுதி எல்லாம் உண்டு. முதல் கோரிக்கை வெடி. ஆதாரம் உண்டா என்று பதில் வந்ததும், வீரமணி காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். விரிசல் கண்ட இடத்திலெல்லாம் பக்கத்தில் தேதி எழுதினார். பிப்ரவரியில் அதிகாரி நேரில் வருவதாகக் கடிதம் வந்தது.

நடுவில் பொங்கல். வெள்ளையடிக்காமல் யார் பொங்கல் வைப்பார்கள்? எல்லாரும் வீரமணியைக் கூப்பிட்டார்கள். வெள்ளையடிக்கும் மட்டையைக் கையில் எடுத்துவிட்டால் அவருக்குச் சங்கம் மறந்துவிடும். விரிசலைச் சுரண்டி, பூசி, இழைத்து, மேலே இரண்டு கோட் அடித்தார். விடுமுறையில் வந்திருந்த நான் கவலைப்பட்டேன்.

"பிப்ரவரிக்குள்ள குவாரிக்காரன் புதுசா நாலு விரிசல் போட்டுருவான் பாய்" என்று தைரியம் சொன்னார்.

பொங்கல் முடிந்த நாலாம் நாளே அதிகாரி வந்து நின்றார். கூடவே குவாரி மேனேஜர். தெரு பால்போல் இருந்தது.

"எங்கய்யா விரிசல்?"

"கல்யாண வூடு மாதிரில்ல இருக்கு சார்!" என்றார் மேனேஜர்.

முதல் வீட்டு ரெங்கம்மாள் செயலாளரைப் பார்த்தார். "வெளக்கு வச்சுத் தேடினாலும் தெரியாதுன்னு சொன்னியே தம்பி. சொன்ன சொல்லக் காப்பாத்திட்ட."

அதிகாரி பேனாவை மூடப் போனார். மூடிவிட்டால் மனு அதோடு சரி. வீரமணிக்கு ஒரு வழி தெரியும். ஆனால் தை பிறந்துவிட்டது; கல்யாண வீடுகளுக்கு வெள்ளையடிக்க அவரிடம் சொல்லி வைத்திருந்த மூன்று பேர் கூட்டத்திலேயே நின்றார்கள்.

"அக்கா, ஒரு கொடம் தண்ணி குடுங்க."

"குடிக்கவா, குதிக்கவா?"

வாங்கி, ரெங்கம்மாள் வீட்டுச் சுவரிலேயே வீசியடித்தார். "செத்த காயட்டும் சார். சுவரு காஞ்சிரும், விரிசல் காயாது."

கால் மணி நேரத்தில் வெயில் சுவரை வெளுக்க வைத்தது. ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை ஈரக்கோடு ஒன்று மட்டும் கறுப்பாக நின்றது. விரிசல் கண்டிருந்த பதினோரு வீட்டிலும் தண்ணீர் வீசினார்; அப்படியே.

"பூசினதெல்லாம் பல்ல இளிக்குதே!" என்றார் மேனேஜர்.

"நம்ம வேலை அவ்வளவுதாங்க. எழுதிக்கங்க சார்" என்றார் வீரமணி, கல்யாண வீட்டுக்காரர்கள் பக்கம் திரும்பாமல்.

"தேதி?"

தேதிகள் சுண்ணாம்புக்குள் போயிருந்தன. ரெங்கம்மாள் முன்னே வந்தார். "கார்த்திகை தீபத்தன்னிக்கு சார். அகலு அஞ்சும் கவுந்துருச்சு."

"எங்க வூட்டுல பொண்ணு பாக்க வந்தன்னிக்கு" என்றார் அடுத்த வீட்டுக் குஞ்சம்மாள். "காப்பி பூரா மாப்ள மடியில."

அதிகாரி சிரிக்காமல் எழுதிக்கொண்டே போனார்.

மாசியில் உத்தரவு வந்தது. பகல் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் ஒரே ஒரு வெடி, அதற்கு முன் சங்கு. தெருவைக் கூட்டி வீரமணி படித்துக் காட்டியதை என் மனைவி ஃபஹ்மிதா போனில் சொன்னாள். 'அண்மையில் அடிக்கப்பட்ட வெள்ளை தரமற்றதாக இருந்தமையால் விரிசல்கள் தெளிவாகப் புலப்பட்டன' என்ற வரியை மட்டும் ஓட்டமாய் ஓட்டினாராம்.

"இரு தம்பி, காதுல விழல" என்றாராம் ரெங்கம்மாள். "அந்த வரிய இன்னொருக்கா படி."

படித்தாராம். இந்தத் தடவை நிறுத்தி, நிதானமாக.