துர்காதேவியின் தங்க ரேக்கு

துர்காதேவியிடம் ஒளியைப் பற்றி மட்டும் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள், உங்கள் பஸ் போய்விடும். பட்டு நெசவுக் குடும்பத்து மருமகள், எம்.எஸ்சி. இயற்பியல், பி.எட். படித்தவள். இருந்தும் இரண்டு பள்ளிகளில் மாதிரி வகுப்பு எடுத்து, இரண்டிலும் வேலை கிடைக்கவில்லை.

"போர்டுல எழுதிக்கினே இருந்தா யாருக்கும் தூக்கம்தான் வரும்பா. இந்தத் தடவ கண்ணாலயே பாக்க வெக்கிறேன்" என்றாள் கணவன் லோகேஷிடம்.

தறியில் இருந்தபடியே அவன் கேட்டான்: "இதுவும் போச்சுன்னா?"

"ஜவுளிக் கடைல பில் போடப் போறேன். வேற இன்னா பண்றது?"



கருவியை அவளே செய்தாள். கண்ணாடி ஜாடிக்குள் ஒரு கம்பி, அதில் ஒட்டித் தொங்கும் தங்க ரேக்கு எனும் மெல்லிய தங்கத் தாள், கம்பியின் உச்சியில் பளபளக்கத் தேய்த்த துத்தநாகத் தகடு. பிளாஸ்டிக் பைப்பைப் பட்டுத் துணியால் தேய்த்துத் தகட்டில் தடவினால் ரேக்கு விலகி நிற்கும். குடிநீர் மெஷினிலிருந்து கழற்றிய புற ஊதா விளக்கைக் காட்டினால் விழும். வீட்டில் ஒவ்வொரு முறையும் விழுந்தது.

செவிலிமேட்டுப் பக்கத்துப் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்பில் அவளுடைய மூன்றாவது மாதிரி வகுப்பு. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை ஜ்வாலாமாலினி. மேசைமேல் அழகான கண்ணாடித் தண்டு ஒன்று இருந்ததைப் பார்த்ததும், வெட்டிய பைப்பை வெளியே எடுக்க துர்காதேவிக்குக் கூச்சமாகிவிட்டது. தண்டையே எடுத்தாள்.

"காஞ்சிபுரத்துல பட்டு இல்லாம பாடமா?" என்று லோகேஷ் வீட்டில் தந்தனுப்பிய துணியால் அதைத் தேய்த்துத் தகட்டில் தடவினாள். ரேக்கு விலகியது. கொண்டுவந்திருந்த பெரிய ஹாலஜன் விளக்கைப் போட்டாள். ரேக்கு அசையவில்லை.

"ஒளி துளித்துளியாத்தான் வருது. அந்தத் துளிக்குப் பேரு ஃபோட்டான். ஆயிரம் குழந்தைங்க ஒவ்வொருத்தரா வந்து மிதிச்சாலும் தறியோட மிதிபலகை இறங்காது. பெரியவர் ஒருத்தர் மிதிச்சா இறங்கிடும். அந்தப் பெரிய விளக்கோட துளியெல்லாம் குழந்தைங்க, இந்தச் சின்ன விளக்கோட ஒவ்வொரு துளியும் பெரியவர். ஒரு எலக்ட்ரானையே வெளிய தள்ளிடும். பாருங்க."

புற ஊதா விளக்கைக் காட்டினாள். ரேக்கு நின்ற இடத்திலேயே நின்றது.

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜ்வாலாமாலினி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துர்காதேவியின் கண்முன்னே ஜவுளிக் கடை வந்து நின்றது. விளக்கைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள், கையில் இருந்த பட்டைப் பார்த்தாள். சட்டென்று அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"விழாது. விழவே கூடாது" என்றாள். "பட்டால தேய்ச்சா கண்ணாடி எலக்ட்ரானைப் பட்டுகிட்ட குடுத்துடும். அப்போ தண்டும் தகடும் நேர் மின்னூட்டம். வெளிய கிளம்புற எலக்ட்ரானை அந்தத் தகடே இழுத்துப் பிடிச்சுக்கும். இதே பட்டு, பிளாஸ்டிக்குக்கு எலக்ட்ரானைக் குடுக்கும், அப்போ தகடு எதிர் மின்னூட்டம், கிளம்புற எலக்ட்ரானைப் பிடிச்சு வெக்காது. இப்போ பாருங்க."

தகட்டை விரலால் தொட்டாள், மின்னூட்டம் இறங்கி ரேக்கு படிந்தது. இம்முறை கூச்சப்படாமல் பைப்பை எடுத்து, அதே பட்டால் பரபரவென்று தேய்த்துத் தடவினாள். ரேக்கு எழுந்தது. ஹாலஜனுக்கு அசையவில்லை. சின்ன விளக்கைத் திருப்பியதுதான் தாமதம், சரசரவென்று இறங்கிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டது.

வகுப்பே எழுந்து நின்றது. முன்பெஞ்சை இடித்துக்கொண்டு வந்து, "மிஸ், இன்னொரு தடவ காட்டுங்க மிஸ்" என்றாள் ஒருத்தி. துர்காதேவி சிரித்தபடி பைப்பைத் தேய்த்தாள். மறுபடி காட்டினாள்.

மணி அடித்தும் யாரும் நகரவில்லை. ஜ்வாலாமாலினி மேசைக்கு வந்து பைப்பையும் பட்டையும் தானே கையில் எடுத்தார்.

"நாளைக்குக் காலைல வந்து வேலைல சேர்ந்துடுங்கமா. இப்போ இத எப்படித் தேய்க்கணும், எனக்குக் காட்டுங்க."