மூக்கம்மா சொன்ன கடை

கோட்டை வாசலில் தொப்பி விற்கிறவன் நான். தொப்பி, குடை, தண்ணீர் பாட்டில், வெயில் கண்ணாடி. ஊர் பார்க்க வருகிறவர்களை இத்தனை வருஷம் பார்த்ததில் மனிதப் பிறவியின் மேல் எனக்குப் பெரிய மரியாதை ஒன்றும் மிஞ்சவில்லை. பல் குத்திய குச்சியைக் கோட்டைச் சுவரில் செருகிவிட்டுப் போவார்கள். என் தொப்பியைத் தலையில் கவிழ்த்துப் படம் எடுத்துக்கொண்டு, வியர்வையோடு திருப்பி வைத்துவிட்டு, "சும்மா பாத்தேன்" என்பார்கள். இருக்கட்டும். நான் சொல்ல வந்தது என் மனைவியைப் பற்றி.

அவள் அதே கோட்டையில் கைடு. மற்ற கைடுகள் அவளை மூக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. எதையும் மோந்து பார்க்காமல் வாயில் வைக்கமாட்டாள், அதனால் வந்த பெயர். கல்யாணமான புதிதில் நான் ஆசை ஆசையாய் வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. "இது பழைய எண்ணெய்ங்க" என்று தள்ளி வைத்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முழுப் பொட்டலத்தையும் தனியாக உட்கார்ந்து தின்று தீர்த்தேன். மறுநாள் என்னால் கடை திறக்க முடியவில்லை. அதிலிருந்து அவள் மூக்கோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அவள் தொண்டையால்தான். என் தொப்பி வியாபாரத்தை நம்பியிருந்தால் தீப்பெட்டி வாங்கலாம், அடுப்பில் வைக்க ஒன்றும் இருக்காது. வெயிலில் நின்று, எந்த ராஜா எந்தச் சுரங்கத்தில் ஓடினான், எந்த ராணி எந்த ஜன்னலில் நின்று அழுதாள் என்று அவள் உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பாள். ராணி அழுது முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒருத்தர், "ஏம்மா, இங்க நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?" என்பார். ராணியை அம்போவென்று விட்டுவிட்டு எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

மற்ற கைடுகளுக்கு இது எரிச்சல். இவளுக்கு மட்டும் அந்தக் கேள்விதான் பிடிக்கும். கோட்டையைப் பற்றி யார் வேண்டுமானாலும் படித்துச் சொல்லலாம், வயிற்றைப் பற்றிச் சொல்ல ஆள் வேண்டாமா என்பாள். அதற்காக அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கோட்டையையும் மியூசியத்தையும் சுற்றி எந்தக் கடை புதிதாகத் திறந்தாலும் முன்வாசல் வழியாகப் போகமாட்டாள். பலகை, விளக்கு, வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கிற ஆள் எதையும் பார்க்கமாட்டாள். சந்து வழியாகச் சுற்றிப் பின்பக்கம் போய், கடையில் வேலை செய்கிறவர்கள் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பாள். கடை அடுப்பில் வெந்ததையே அவர்களும் தட்டில் போட்டுச் சாப்பிட்டால் நல்ல கடை. வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்து தின்றால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டாள்.

அப்படி அவள் தள்ளி வைத்த முதல் கடை, கோட்டைக்கு எதிரே இருக்கிற பெரிய ஹோட்டல். ஒரு நாள் என்னையும் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினாள். ஏன் போனோம் என்று ஆகிவிட்டது. மேசை துடைக்கிற துணியாலேயே நாற்காலியைத் துடைத்து, குழந்தை கக்கின தரையைத் துடைத்து, அலசாமல் கொள்ளாமல் மறுபடி மேசைக்கே கொண்டுபோனார்கள். ஒரு மேசையில் மிஞ்சின ரொட்டி, கூடை மாறாமல் அடுத்த மேசைக்கு நடந்தது. தகரக் கொட்டகையில் ஒரே ஒரு குழம்பைக் காய்ச்சி நீல டிரம்களில் ஊற்றி வைத்திருந்தார்கள். உள்ளே என்ன பெயர் சொல்லிக் கேட்கிறார்களோ அதற்கு ஏற்றபடி சிவப்புப் பொடியோ பச்சைப் பொடியோ ஒரு கை விழும். முன்னால் அதற்கு மூன்று பெயர், மூன்று விலை. டிரம்மின் மேல் பாலாடை மாதிரி எண்ணெய் உறைந்திருந்தது. கரண்டியால் அதை விலக்கிவிட்டு அள்ளினார்கள். இதை எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது.

கைடுகளுக்கு மட்டும் அங்கே மாடியில் ஓசிச் சாப்பாடு. அது தனி அடுப்பில் தனியாகச் சமைப்பது. கூட்டத்தைக் கீழே உட்கார வைத்துவிட்டு இவர்கள் மேலே போய் வயிறு முட்டத் தின்றுவிட்டு, பல்லைக் குத்திக்கொண்டு இறங்கி வருவார்கள். என் மனைவி ஒரே ஒரு தடவை மேலே போனாள். "கீழ குடுக்கற குழம்பையே எனக்கும் ஊத்துப்பா" என்று பரிமாறுகிறவனிடம் கேட்டாள். "அய்யய்யோ, அது வேணாங்க்கா. அது வர்றவங்களுக்கு" என்றான். எழுந்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை.

அவள் கண்டுபிடித்த நல்ல கடை மியூசியத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. புருஷன், பெண்டாட்டி, பாத்திரம் கழுவ ஒரு அம்மா. அவ்வளவுதான் கடை. வந்தவர்கள் எழுந்த பிறகு அதே சட்டியிலிருந்து எடுத்து மூன்று பேரும் சாப்பிடுவார்கள். இதைப் பார்த்த அன்றே என் மனைவிக்கு அந்த ஆள் அண்ணன் ஆகிவிட்டார், அவர் பெண்டாட்டி அண்ணி ஆகிவிட்டாள். அவர்களும் இவளைத் தங்கச்சி என்பார்கள். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் போக வர இருந்தோம். சாப்பாடு எங்கே என்று கேட்டவர்களையெல்லாம் அங்கேதான் அனுப்பினாள். உறவு முற்றியதும் ஒன்று செய்தாள். பின்பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். "கூடப்பிறந்தவங்க மாதிரி பழகிட்டு, வீட்டுப் பின்னாடி போய் எட்டிப் பாத்தா என்ன நினைப்பாங்க?" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கைடு சங்கத்தின் தலைவர், அந்தப் பெரிய ஹோட்டல் முதலாளியின் மச்சான். வேறென்ன வேண்டும்? கோட்டை வாசலில் யாருக்கு எந்த நேரம் என்று முறை போடுவது அவர்தான். ஹோட்டலுக்குக் கூட்டம் கொண்டுவராதவர்களுக்கு உச்சி வெயில் முறை விழும். என் மனைவிக்கு எப்போதும் உச்சி வெயில்தான். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. அது அவருக்கு இன்னும் எரிச்சல். கடைசியில் சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, எல்லாரும் கூட்டிட்டு வர்றாங்க. உனக்கு மட்டும் என்ன கௌரவம் கெட்டுப் போகுது?"

"நம்மள நம்பி வர்றவங்க தலைவரே. தெரிஞ்சே எப்படி அதைத் திங்க வைக்கறது?"

"ஓ! அந்தச் சந்துக் கடை மட்டும் ரொம்ப ஒழுங்கோ? ஒரு குறையும் கிடையாதோ?"

"அங்க ஒரு குறை இருந்தா, அன்னிக்கே இந்தக் கைடு வேலைய விட்டுட்டுப் போயிடறேன். போதுமா?"

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். தலைவர் கோபப்படவில்லையாம், சிரித்தாராம். வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாடகை வீடு, கல்லூரியில் படிக்கிற மகள், மழை பெய்தால் படுத்துவிடுகிற தொப்பி வியாபாரம். அடுத்தவன் வீட்டுச் சட்டியை நம்பி இதையெல்லாமா பந்தயம் வைப்பாள் ஒருத்தி? "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ?" என்று கத்தினேன். "ஏங்க, அண்ணன் கடையில என்ன குறை வந்துடப் போகுது?" என்று சாவகாசமாகக் கேட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு குடும்பம் வந்தது. என்னிடம் பேரம் பேசிப் பேசி என்னை அரை உயிராக்கிவிட்டு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிய மனிதர், அவர் மனைவி, மனைவியின் தங்கை, இரண்டு பிள்ளைகள். கோட்டை பார்த்து முடித்து என் மனைவி அவர்களைச் சந்துக் கடைக்கு அழைத்துப் போனாள். எனக்கும் பசி. கடையை மூடிவிட்டுக் கூடவே போனேன். அண்ணன் சிரித்த முகமாக ரொட்டியும் வறுத்த மீனும் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றாமலே சாப்பிட ஆரம்பித்தார். பிள்ளைகள் விரலை நக்கினார்கள். மேசையில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. அண்ணன் முன்பக்க அடுப்பில் மீனோடு அல்லாடிக்கொண்டிருந்ததால், என் மனைவி ஜாடியை எடுத்துக்கொண்டு தானே உள்ளே போனாள்.

வெகுநேரம் வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். ஜாடியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். குழம்பு வைக்கிற பெரிய அடுப்பு பற்ற வைக்காமல் கிடந்தது. பின்வாசல் படியில் அண்ணியும் பாத்திரம் கழுவுகிற அம்மாவும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் அந்தப் பெரிய ஹோட்டலில் பார்த்த நீல டிரம். மூடி திறந்திருந்தது. மேலே அதே எண்ணெய் ஆடை.

"அண்ணி, என்ன இது?" என்றாள் என் மனைவி.

அண்ணி பாக்ஸை மூடினாள். "சாப்பிடறப்ப வந்து கேக்கறியே தங்கச்சி."

"நீங்க ஏன் டப்பால சாப்பிடறீங்க?"

அதற்குள் அண்ணன் வந்துவிட்டார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. "என்ன பண்ணச் சொல்ற? நீ பாட்டுக்கு ஊரையே அனுப்பி வெக்கற. இவளுக்கு மணிக்கட்டு வீங்கிப் போய்க் கரண்டியப் பிடிக்க முடியல. மீனை மட்டும் நான் வறுத்துடறேன். குழம்புக்கு எங்க போறது?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொன்னா, அனுப்பறத நிறுத்திடுவ."

அந்த மட்டில் உண்மையைச் சொன்னார். அண்ணிக்கு அது போதவில்லை. "நீயும்தான் இத்தனை நாளாச் சாப்பிட்ட. நல்லாருக்கு நல்லாருக்குன்னு ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்ட. உன் மூக்குக்கே தெரியல. வேற யாருக்குத் தெரிஞ்சுடப் போகுது?" என்றாள்.

என் மனைவி ஜாடியைக் கீழே வைத்தாள். சாக்கடை ஓரம் போய்க் குனிந்து நின்றாள். ஒன்றும் வரவில்லை. போன வாரம் மகளைக் கூட்டிவந்து, "நல்லாச் சாப்பிடும்மா" என்று இதையே ஊற்றிக் கொடுத்திருந்தோம். உறவு சொல்லிக் கூப்பிட்ட வாயாலேயே இந்த ஜனங்கள் நமக்கு அதைப் பரிமாறியிருக்கிறார்கள். தூ!

"தலைவருக்குத் தெரியுமா?" என்று நான் கேட்டேன்.

"அவர்தான் ஆள் போட்டு டிரம்ம அனுப்பி வெக்கறார்" என்றார் அண்ணன்.

தலைவர் ஏன் சிரித்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் இங்கே அனுப்பினாலும் தட்டில் விழுவது அவர் மச்சான் ஹோட்டல் குழம்புதான். இவள் வெயிலில் நின்று அவருக்கே ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். அப்படிப்பட்டவர் இதை வெளியே சொல்லப் போவதும் இல்லை. அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

"இதப் பாரு, அவரும் சொல்ல மாட்டாரு, இவங்களும் சொல்ல மாட்டாங்க. நாம வாயத் திறக்காம இருந்தா வேலை போகாது. நாளைக்கு வேற கடை பாத்துக்கலாம்."

"உள்ள உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்களேங்க" என்றாள்.

"சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க. விடு."

அவள் விடவில்லை. புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய் அந்த மேசை முன் நின்றாள். "சாப்பிடாதீங்க. இந்தக் குழம்பு இங்க பண்ணினது இல்ல. கோட்டைக்கு எதிர்ல ஒரு பெரிய ஹோட்டல் இருக்கு, அங்கேருந்து டிரம்ல வருது. ரொம்ப மோசமான இடம். நான் தெரியாம உங்களக் கூட்டிட்டு வந்துட்டேன். என் தப்புதான்" என்றாள். அண்ணன் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். என் மனைவி சொன்னால் சொன்னதுதான். இனி அவளுக்கு வேலை இல்லை.

கண்ணாடிக்காரர் தட்டைத் தள்ளவில்லை. ரொட்டியின் கடைசித் துண்டைக் குழம்பில் நன்றாகத் துழாவி, வாயில் போட்டு, மென்று விழுங்கினார். அவர் மனைவி மட்டும் பிள்ளையின் கையைப் பிடித்தாள். "பேசாம இரு, குழந்த ஆசையாத் திங்குது" என்று அவளை அதட்டினார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டே என் மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"டிரம்ல வந்தா என்னம்மா? ருசி பிரமாதமா இருக்கே! நைட்டுக்கு நேரா அங்கயே போயிடறோம். அந்த ஹோட்டலுக்கு எப்படிப் போகணும்?"

கோட்டையில் ஒவ்வொரு கல்லுக்கும் வழி சொன்னவள், நல்ல சாப்பாட்டுக்கு இந்த ஊரையே பின்பக்கமாகச் சுற்றினவள் அவள்.

"எனக்கு வழி தெரியாதுங்க" என்றாள்.

கைடாக அவள் கடைசியாகச் சொன்னது அதுதான்.